புல் அடைத்த சக்கரம்

காலை ஏழுக்கே ஏறத் தொடங்கினோம்
நானும் ஸோராயரும்.
கீழே தெபெத் ஆறு
செம்பு ஆலையின் ஆறிப்போன புகைபோக்கியைச்
சுற்றிக்கொண்டு போகிறது.
ஆலை மூடிய பிறகு ஊருக்கு மிச்சம்
மருந்துக்கடை, அதில் நான்;
எரிவாயு வண்டி, அதில் அவன்;
ஞாயிறானால் இந்த மலை.

என் சைக்கிள் ஒரு செக் நாட்டுக்காரி விட்டுப்போனது.
விமானத்தில் ஏற்றும் கூலியை நினைத்து
பாதி விலைக்குத் தள்ளிவிட்டாள்.
அதன் கம்பியில் அவள் ஒட்டிய காகிதம் இன்னும் இருக்கிறது,
எனக்குப் புரியாத மொழியில் ஏதோ ஓர் அதட்டல்
ஆச்சரியக்குறியோடு.
மூச்சு முட்டும்போதெல்லாம்
அதைத்தான் படித்துக்கொள்கிறேன்.

கழுதைத் தடம்.
கழுதைக்கு முன் துறவிகளின் தடம்.
அவர்களுக்கும் முன் மழைத்தண்ணீரின் தடம்.
வளைவுகளைப் போட்டது யாரானாலும்
தொடைகள் மேல் இரக்கம் இல்லாதவர்.
பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன்.
புளி தின்ற பல்லாய்க் கூசியது சங்கிலி.

மடாலயத்தின் வாசலில், சரியாக வாசலில்,
ஒரு கல்.
ஆயிரம் ஆண்டாக எனக்காகவே காத்திருந்த மாதிரி
டியூபை நாலு விரற்கடைக்குக் கிழித்தது.
பசை டப்பாவில் பசை காய்ந்திருந்தது.
மாற்று டியூப் இருந்தது,
அவன் சக்கர அளவுக்கு.
'நீதானே பார்த்து எடுத்து வைத்தாய்' என்றேன்.
'நீதானே பார்த்தாயா என்று கேட்கவில்லை' என்றான்.
இந்த வழக்கு
இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மதிலோரம் நீளரிவாளால் புல் அறுத்துக்கொண்டிருந்தான்
ஸ்ம்பாத். தெரிந்தவன்தான்.
புல் ஒவ்வாமைக்கு மாதாமாதம்
என்னிடம் மாத்திரை வாங்குகிறவன்.
கண் இரண்டும் மாதுளை. மூக்கில் கட்டிய துணி.
'வேறு வேலை கிடைக்கவில்லையா?'
கேட்டிருக்கக் கூடாது.
அரிவாளைத் தீட்டினான், பதிலுக்கு.

டயருக்குள் புல்லை அடைத்து ஓட்டலாம் என்று
எங்கோ பார்த்த ஞாபகம் ஸோராயருக்கு.
சிலுவை செதுக்கிய கற்களுக்கு நடுவே
இடுப்பளவு நின்றது புல்.
'அந்தப் பக்கம் எடு' என்றான் ஸ்ம்பாத்.
'இந்தப் பக்கம் என் மாமனார்.
இருந்தபோதே
யாருக்கும் எதுவும் கொடுக்காதவர்.'

அவர்கள் திணித்துக்கொண்டிருக்க
நிழலுக்காக உள்ளே போனேன்.
சுவடிகளைப் படியெடுத்த அறையாம்.
ஒற்றை ஜன்னல். மெழுகுக் கரி.
ஜன்னல் கல்லில் ஆணியால் கீறியது போல ஒரு வரி.
எங்கள் எழுத்துதான்,
கொஞ்சம் விறைத்துக்கொண்டு நிற்கும் எழுத்து.
கூட்டிக் கூட்டிப் படித்தேன்:
குளிர். விரல் மடங்கவில்லை. பிழை பொறுக்க.
பெயர் இல்லை. ஆண்டு இல்லை.
ஆகஸ்ட் வெயிலில் வியர்த்த என் கை
அந்தக் கல்லில்
ஒரு நொடி ஈரமாய் இருந்து உலர்ந்தது.

இறக்கம்.
டயரின் ஓரம் புல் பிதுங்கி
தாடி வைத்த சக்கரம்.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விக்கல்.
இடப்பக்கம் பாதாளம், வலப்பக்கம் சரிந்த கோட்டைச் சுவர்,
பார்க்க நேரமில்லை,
எந்த அரசன் எவனுக்குப் பயந்து கட்டியதோ,
நான் என் முன்சக்கரத்துக்கு மட்டும் பயந்தேன்.
பெயர் தெரியாத யார் யாரோ தலைமாட்டில் முளைத்தது
எனக்கு அடியில் உருண்டு உருண்டு
ஊருக்கு வந்துகொண்டிருந்தது.
பச்சை வாசனை. கொஞ்சம் காட்டுத் துளசி.
ஸோராயர் முன்னால் கத்திக்கொண்டே போனான்,
பயத்திலா குஷியிலா,
அவனுக்கே தெரிந்திருக்காது.

பழைய பாலம்.
கைப்பிடிச் சுவரில் குந்தியிருக்கும் கல் சிங்கங்களை
சிறுவர்கள் பூனை என்றுதான் சொல்கிறார்கள்.
பூனையருகே நின்றேன்.
பிரேக்கைப் பிடித்த விரல்கள் நிமிரவில்லை.
ஸோராயர் ஒவ்வொன்றாய்ப் பிரித்தான்,
வேர்க்கடலை உரிப்பவன் போல.
மடங்காத விரலுக்கு மன்னிப்புக் கேட்டவனிடம்
நிமிராத விரலைப் பற்றி
யார் போய்ச் சொல்வது.

டயரைக் கழற்றினால் உள்ளே புல் இல்லை.
துவையல்.
வழித்து ஆற்றில் போட்டோம்.

திங்கள் காலை கடை திறந்ததும்
முதல் ஆளாய் ஸ்ம்பாத்.
மாத்திரையை நீட்டினேன்.
அடுக்காக ஏழு தும்மல்.
என் கையைப் பார்த்தான்.
மூன்று முறை கழுவியிருந்தேன், சத்தியமாக.